உறைபெட்டியா, அலமாரியா? நிகோடினைக் காப்பாற்றும் வழிகள்: ஓர் அலசல்

வீட்டில் வேப் திரவம், அதாவது மின்சிகரெட்டில் ஆவியாக்கி இழுக்கும் நிகோடின் திரவம், கலப்பவர்கள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் முதலில் பயப்படுகிறார்கள். தண்ணீர் போல இருந்தது, பால் சேர்க்காத தேநீர் போல ஆகிவிட்டதே என்று. காற்றும் வெளிச்சமும் பட்டால் நிகோடின் பழுப்பேறும் என்பது உண்மைதான். ஆனால் பல இனிப்புச் சுவையூட்டிகளில் இருக்கும் வெனிலினும் நாளடைவில் திரவத்தைப் பழுப்பாக்கிவிடும். எனவே சுவை கலந்த திரவத்தின் நிறத்தைப் பார்த்து நிகோடினுக்கு இரங்கல் பாடத் தேவையில்லை. சுவை சேர்க்காத செறிவுக் கரைசல் (கலப்பதற்கென வைத்திருக்கும் அடர்த்தியான நிகோடின்) கறுத்து, மிளகு நெடியோடு தொண்டையைப் பிடித்தால்தான் விஷயம் கைமீறிவிட்டது என்று பொருள். லேசான மஞ்சள் பொருட்டே அல்ல.

முதலில் இடம். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதன்படி பார்த்தால், 30 டிகிரி அலமாரியில் நடக்கும் ஆக்சிஜனேற்றம் 4 டிகிரி ஃபிரிட்ஜில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகவும், மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஏறக்குறைய இருபத்தெட்டில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். துல்லியமான கணக்கு அல்ல. வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு மட்டும் இது போதும். ஓரிரு மாதத்தில் தீர்ந்துவிடும் பாட்டிலுக்கு இருட்டான அலமாரி போதும். ஆண்டுக் கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் உறைபெட்டிக்கு மாற்று இல்லை. ஃபிரிட்ஜ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை, அடிக்கடி திறக்கப்படுவதும் உணவுப் பொருட்களோடு நெருங்கி இருப்பதும் அதன் குறைகள்.

அடுத்தது பாத்திரம். பலரும் சறுக்குவது இங்கேதான். பிளாஸ்டிக்கா கண்ணாடியா என்றால் கண்ணாடிதான். பிழிந்து ஊற்ற வசதியான மென்மையான பாலிஎத்திலீன் பாட்டில் ஆக்சிஜனை மெல்ல உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர் பாட்டில்களுக்குப் பயன்படும் பெட் (PET) பிளாஸ்டிக் அதைவிட மேல். கண்ணாடியின் வழியே காற்று நுழையவே நுழையாது. பழுப்புநிறக் கண்ணாடி புற ஊதாக் கதிரையும் தடுக்கும். ஆனால் நல்ல பாட்டிலை வாங்கிவிட்டு மூடியில் கோட்டை விடுபவர்கள் உண்டு. நானும் விட்டேன். ரப்பர் குமிழ் வைத்த துளிப்பான் மூடியோடு செறிவுக் கரைசலைச் சில மாதங்கள் வைத்திருந்தேன். திறந்தபோது குமிழ் பிசுபிசுத்து விரலில் ஒட்டியது. சேமிப்புக்கு உள்ளே கூம்பு வடிவ அடைப்புள்ள திருகு மூடிதான் சரி. துளிப்பான் அன்றாடப் பாட்டிலோடு நிற்கட்டும்.

பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் காற்றைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. 100 மில்லி பாட்டிலில் 20 மில்லி திரவம் இருந்தால் மீதி 80 மில்லியும் காற்று. அதில் ஏறத்தாழ 17 மில்லி ஆக்சிஜன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே ஒரு பெரிய பாட்டிலைவிட, கழுத்துவரை நிரப்பிய நான்கைந்து சிறிய பாட்டில்கள் எவ்வளவோ மேல். நிகோடினைக் கரைத்து வைக்கும் புரொப்பிலீன் கிளைகால் மைனஸ் 59 டிகிரியில்தான் உறையும் என்பதால், தண்ணீர் போல விரிந்து பாட்டிலை உடைத்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். காற்றை வெளியேற்ற, வினைபுரியாத ஆர்கான் வாயுவைத் தெளித்து மூடுவோரும் உண்டு. செய்யலாம், ஆனால் நிரம்பிய பாட்டிலில் அதற்கு வேலை குறைவு.

நிகோடினைக் கரைத்து வைக்க கிளைகாலா கிளிசரினா? உறைபெட்டியில் கிளிசரின் தேன்போல இறுகிவிடும். சிரிஞ்சில் இழுக்கவே வராது. கலக்கும்போது சரியாகப் பரவாமல் ஓரிடத்தில் நிகோடின் திரண்டு நிற்கவும் வாய்ப்பு உண்டு. கிளைகால் நீர்த்தது, எளிதில் கலக்கும். தொண்டைக்கு கிளைகால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் கிளிசரின்.

சாதாரண நிகோடினா உப்பு நிகோடினா என்ற வாதத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பென்சாயிக் அமிலம் போன்றவற்றோடு சேர்ந்த உப்பு, எளிதில் ஆவியாகாது, காற்றுக்கும் சற்றே கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். அதற்காக அதை வெயிலில் வைக்க முடியாது.

கலக்கும் முறையில் என் கட்சி தெளிவானது: செறிவைச் சேமியுங்கள், கலவையைக் குறைவாகச் செய்யுங்கள். மில்லிக்கு 6 மில்லிகிராம் வீதம் 30 மில்லி வேண்டுமென்றால், மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள செறிவுக் கரைசலிலிருந்து எடுக்க வேண்டியது 1.8 மில்லிதான். பால் நுரைக்கும் கருவியால் அடித்துக் கலப்பவர்கள் திரவத்துக்குள் காற்றையும் சேர்த்தே அடிக்கிறார்கள். மூடியைத் திறந்து வைத்துப் 'பதப்படுத்துவதும்' வெந்நீரில் அமிழ்த்துவதும் அப்படித்தான். சுவை விரைவில் கூடிவர வேண்டுமென்றால், சுவையூட்டியையும் கிளைகால், கிளிசரினையும் முதலில் கலந்து அந்தச் சடங்குகளை முடித்துவிட்டு, நிகோடினைக் கடைசியில் ஊற்றி, மூடிக் குலுக்கினால் போதும்.

செறிவுக் கரைசல் தோல் வழியாகவும் உடலில் ஏறும். நைட்ரைல் கையுறை கட்டாயம். சிந்தினால் உடனே கழுவ வேண்டும். உறைபெட்டியில் வைப்பதும் பெயர், செறிவு, தேதி எழுதிய பூட்டுள்ள பெட்டிக்குள், குழந்தைகள் கைக்கு எட்டாதபடி இருக்க வேண்டும். வெளியே எடுத்த பாட்டிலை அறை வெப்பத்துக்கு வரும்வரை நான் திறப்பதில்லை. குளிர்ந்த கரைசலின் மேல் காற்றின் ஈரம் படியும், நிகோடினோ ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படி எடுத்த சிறிய பாட்டில் மீண்டும் உறைபெட்டிக்குப் போவதில்லை. தீரும்வரை அலமாரியின் இருட்டில் இருக்கும்.