மலையேற ஷூ: தைத்ததா, ஒட்டியதா?

துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிற காலம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மெல்ல முடிந்துபோனது. இப்போது நமக்கு வாய்த்தது வனத்துறையிடம் அனுமதி வாங்கி ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ நடப்பதுதான். கூடாரம் வாடகைக்குக் கிடைக்கும், முதுகுப்பையை நண்பரிடம் இரவல் கேட்கலாம். ஷூவுக்கு அந்த வழி இல்லை. என் காசு அதில்தான் போனது. "ஒரு ஷூவுக்கு இவ்ளோவாங்க?" என்று வீட்டில் கேட்டபோது மழுப்பிவிட்டேன். பதில் இதுதான்.

கடையில் இருந்தவை இரண்டு வகை. ஒன்று, துணியும் ரெக்ஸினும் கலந்து, பேஸ்ட்டிங் போட்ட, அதாவது சோலைப் பசையால் ஒட்டிய டிரெக்கிங் ஷூ. இன்னொன்று, கணுக்கால் மூடுகிற, சோல் தைத்த தோல் பூட்ஸ். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடை குறைவு, சீக்கிரம் காய்வது, வாங்கிய அன்றே காலுக்குப் பழகுவது, மூன்றிலும் ஒட்டிய ஷூதான் மேல். காரை முள்ளுக்கும் சரளைக்கும் தோல் மேல். இதில் வாதமே இல்லை.

நான் தோலுக்குப் போனது சோலுக்காக. பல டிரெக்கிங் ஷூக்களில் அடிக்கு மேலே மெத்தை மாதிரி இருப்பது பாலியூரித்தேன் என்கிற நுரை. காற்றிலுள்ள ஈரமே அதை மெல்ல மெல்ல உடைத்துவிடும். நடந்தால்தான் தேயும் என்றில்லை; பெட்டியில் போட்டுப் பரணில் வைத்திருந்தாலும் சில வருஷங்களில் பிஸ்கட் போல உதிரும். தினமும் நடக்கிறவருக்கு அதற்குள் ஷூவே தேய்ந்திருக்கும். வருஷத்தில் எப்போதாவது மலையேறும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் நஷ்டம். போதாததற்கு வேலூர் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஷூவை விட்டால் பேஸ்ட்டிங் இளகும். ஈ.வி.ஏ. என்கிற இன்னொரு வகை நுரை மெத்தை அப்படி உதிராது, ஆனால் அமுங்கிப்போகும்.

குட்இயர் வெல்ட் என்கிற தையலில் மேல்தோலைச் சுற்றி ஒரு பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தைக்கிறார்கள். தேய்ந்த சோலின் நூலை அறுத்து எடுத்துவிட்டு, மேல்தோலைத் தொடாமலே புதுசு போடலாம். இதற்கு மெஷின் வேண்டும். ஊசியும் நூலும் வைத்துத் தெருவோரம் தைக்கிற வேலை இல்லை. வேறு ஊர்க்காரர் எங்கோ கூரியரில் அனுப்ப வேண்டியிருக்கும். நமக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பஸ் ஏறுகிற தூரத்திலேயே ஷூ கம்பெனியில் வேலை பார்த்த கைகள் இருக்கின்றன. எனக்குச் சோல் மாற்ற ஆன கூலி புது ஷூ விலையில் கால்வாசிகூட இல்லை.

தோல் பதனிடுகிற தொழில் பாலாற்றை என்ன செய்தது என்பது உறுத்தத்தான் செய்கிறது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன விஷயம் அது. ஒரே ஜோடியை நெடுநாள் ஓட்டுவது அந்த உறுத்தலைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவே.

பராமரிப்பும் சும்மா இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் தோலில் பூஞ்சை பூக்கும். சேற்றைத் தட்டி, உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில்தான் காயவைக்க வேண்டும். அடுப்புப் பக்கம் வைத்தால் வெடித்துவிடும். நாள் முழுக்க நனைகிற மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைப் போட்டு நான் அதிகம் நடந்ததில்லை. அங்கே அடிக்கடி போகிறவர் ஒட்டிய ஷூவையே எடுப்பது நல்லது என்றுதான் தோன்றுகிறது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தோல் பூட்ஸிலும் பாலியூரித்தேன் மெத்தையை ஒட்டி, ஓரத்தில் அழகுக்கு ஒரு தையல் ஓட்டி விற்கிறார்கள். உள்ளே என்ன மெத்தை, சோல் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கடைக்காரர் நேராகப் பதில் சொல்லவில்லை என்றால், பாதி விலைக்கு ஒட்டியதையே வாங்கிக்கொள்ளலாம்.