டி அண்ட் டி 2024 ரூல்ஸ்: ஒரு வருஷத்துக்கு மேல ஆடிப் பாத்த கதை

டி அண்ட் டின்னா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா உக்காந்து பகடை உருட்டி கதை ஆடுற கேம். 2024 செப்டம்பர்ல அதோட ரூல் புக்கு, புது பிளேயர்ஸ் ஹேண்ட்புக் வந்தப்பவே எழுதலாம்னு கை அரிச்சுது, வேணாம்னு அடக்கிட்டேன். ஏன்னா 2008ல நாலாவது எடிஷன் வந்தப்போ புக்கை பாதி கூட படிக்காம "இது டி அண்ட் டியே இல்ல, கம்ப்யூட்டர் கேமை பேப்பர்ல அடிச்சு வச்சிருக்கானுங்க"ன்னு பாக்குறவன்கிட்டல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச ஆள் நான். 2009ல பழைய 3.5 எடிஷன் ரூல்ஸ வச்சே பாத்ஃபைண்டர்னு வேற கம்பெனி கேம் வந்ததும், நம்ம ரூல்ஸ் பொழச்சுதுடா சாமின்னு அந்தப் பக்கம் தாவுன கூட்டத்துலயும் நான் இருந்தேன். அதனால இந்த தடவை வாயைத் திறக்கறதில்லன்னு ஒண்ணாம் லெவல்லேந்து ஒன்பதாம் லெவல் வரைக்கும் ஒரு கேம்பெய்ன் (தொடர்கதையா போற ஆட்டம்) ஓட்டி முடிச்சிட்டுத்தான் வர்றேன். நான் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதையையும் எதிரிங்களையும் ஓட்டுற ஆள்), எதிர்ல நாலு பேரு, வாரத்துல ஒரு ராத்திரி, நடுவுல கல்யாணம் காய்ச்சல்னு பாதி வாரம் கேன்சல்.

மொதல்ல வெப்பன் மாஸ்டரி, ஏன்னா எங்க டேபிள்ல முக்கால்வாசி சண்டை இதுக்குத்தான். ஃபைட்டர் மாதிரி ஆளுங்களுக்கு ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு வித்தை குடுத்திருக்காங்க, வார்ஹேமர்ல அடிச்சா தள்ளி விடலாம், மால்னு ஒரு பெரிய சுத்தியல், அதுல அடிச்சா கீழ தள்ளலாம், கிரேட்ஸ்வோர்ட் வீசி அடி தப்பினாலும் கொஞ்சம் டேமேஜ் உண்டு. ஆடுறவனுக்கு செம ஜாலி. டிஎம்முக்கு? அஞ்சாம் லெவல்ல எங்க ஃபைட்டர் மாலை தூக்கிட்டு நாலு ஓக்ருக்கு (ராட்சசனுங்க) நடுவுல நிக்கிறான், ஒவ்வொரு அடிக்கும் "அண்ணே, கான்ஸ்டிடியூஷன் சேவ்", அதாவது விழாம தாக்குப் பிடிக்குதான்னு பகடை போடணும், நான் உருட்டுறேன், 15 வரல, ஓக்ர் கீழ. அடுத்தவன அடிக்கிறான், "அண்ணே, சேவ்". அப்பறம் ஆக்‌ஷன் சர்ஜ்னு சொல்லிட்டு இன்னும் ரெண்டு அடி. ஒரு டர்ன்ல நாலு தடவை பகடை உருட்டுனது நான்தான், அவன் மிக்சர் சாப்பிட்டுட்டு இருக்கான். விழுந்த ஓக்ர் பாதி நடையைச் செலவு பண்ணி எந்திரிக்குது, அடுத்த ரவுண்டு மறுபடி தரையில. மூணு மாசம் பொறுத்துப் பாத்துட்டு, கீழ தள்றது டர்னுக்கு ஒரு தடவைதான்னு ஹவுஸ் ரூல் போட்டேன். அன்னிக்கு அவன் மூஞ்சிய பாக்கணுமே.

ஆனா இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அடி தப்பினாலும் டேமேஜ்ங்கறது புதுசே இல்ல, நாலாவது எடிஷன் ஃபைட்டருக்கு ரீப்பிங் ஸ்டிரைக்னு இருந்துச்சே அதேதான், டைட் ஆஃப் அயர்ன்ல தள்ளி விடுறதும் இருந்துச்சு, பக்கத்துல நிக்கிறவனுக்கும் சேத்து அடி விழற க்ளீவும் இருந்துச்சு. அப்போ "தப்புன அடிக்கு எப்படிய்யா ரத்தம் வரும்"னு நானே தொண்டை கிழிய கத்திருக்கேன். பாதி ஹெச்பி (உயிர்க் கணக்கு) போனா பிளடிட்னு ஒரு நிலை, அதுவும் அங்கேந்து வந்ததுதான், 2014ல வந்த அஞ்சாவது எடிஷன்ல காணாமப் போயி 2024ல பழைய பேர்லயே திரும்பி வந்திருக்கு. ஒருத்தரும் மூச்சு விடல. அன்னிக்கு திட்டுனதுல பாதி அந்த ரூலுக்காக இல்ல, 3.5க்கு அலமாரி நெறைய புக்கு வாங்கி வச்சிருந்தோம், மனப்பாடம் பண்ணதெல்லாம் போச்சேங்கற வயித்தெரிச்சல். என் விஷயத்துல கண்டிப்பா அதுதான்.

இந்த தடவை கோவம் புக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. 2023 ஜனவரில, மத்தவங்க இந்த ரூல்ஸ எடுத்து சொந்தமா புக்கு போட விடுற லைசென்ஸ டி அண்ட் டி கம்பெனி மாத்தப் போறாங்கன்னு ஒரு டிராஃப்ட் வெளிய கசிஞ்சு, ஆளாளுக்கு கொதிச்செழுந்து, கடைசில அதே மாசம் 27ம் தேதி அடிப்படை ரூல்ஸ யாரு வேணா எடுத்துக்கலாம்னு கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டாங்க. அந்த கடுப்போடயே புது புக்கைப் பிரிச்சவங்க நெறைய பேரு, அவங்க கண்ணுக்கு நல்லது எங்க தெரியும்.

எங்க டேபிள்ல நெஜமாவே மனசு ஒடஞ்சது பாலடின் (சாமி அருளோட சண்டை போடற வீரன்) ஆடுன பயலுக்குத்தான். பட்ட அடியோட கூடுதல் டேமேஜ் சேக்குறது அவனோட டிவைன் ஸ்மைட், முன்னாடி எத்தனை அடி பட்டாலும் அத்தனையிலயும் போடலாம், மந்திரம் போட ஸ்லாட் இருந்தா போதும். இப்போ அது ஒரு ஸ்பெல், போனஸ் ஆக்‌ஷன் செலவாகும், அது டர்னுக்கு ஒண்ணுதான், ஆக ஸ்மைட்டும் டர்னுக்கு ஒண்ணு. எதிராளி மந்திரவாதி அதைத் தடுக்க கவுன்டர்ஸ்பெல் கூட போடலாம், நான் போட்டேன், ஒரே ஒரு தடவை. ரெண்டு வாரம் என்கிட்ட முகம் குடுத்தே பேசல. டிஎம்மா பாத்தா இந்த மாத்தம் சரின்னுதான் சொல்வேன், பழைய ரூல்ல நான் ஒரு மாசம் யோசிச்சு செஞ்ச வில்லன ஒரே ரவுண்டுல பொசுக்கிட்டுப் போனவன் அவன். ஆனா ஆசையா வளத்த கேரக்டர்ல கை வச்சா வலிக்கத்தான் செய்யும்.

மத்தபடி காயம் ஆத்துற க்யூர் வூண்ட்ஸ் மந்திரம் ஒண்ணுக்கு ரெண்டு டி8 (எட்டு பக்கப் பகடை) ஆயிருச்சு, போஷன் குடிக்கறது போனஸ் ஆக்‌ஷன் ஆயிருச்சு, நாங்க ரொம்ப நாளா ஹவுஸ் ரூலா வச்சிருந்ததுதான். சப்கிளாஸ் (கேரக்டர் எந்த உள்பிரிவுல போகணும்ங்கறது) எல்லாருக்கும் மூணாம் லெவல்ல, புதுசா வர்றவங்களுக்கு இது நிம்மதி. ஒளிஞ்சிக்கற ரூல் மட்டும் எத்தனை தடவை படிச்சாலும் எங்க அஞ்சு பேருக்கும் அஞ்சு அர்த்தம், கடைசில நான் சொல்றதுதான் ரூல்னு முடிச்சேன்.

வாங்கலாமான்னா, 2014 புக்கை வச்சு நிம்மதியா ஆடிட்டு இருந்தீங்கன்னா அவசரமே இல்ல, பழைய அட்வென்சர் ரெண்டு இந்த ரூல்ஸ்ல ஓட்டிப் பாத்தேன், பெருசா இடிக்கல, பழைய மான்ஸ்டர்தான் கொஞ்சம் சோப்ளாங்கியா தெரியும். டிஎம்மா இருந்தா 2025 பிப்ரவரில வந்த மான்ஸ்டர் மேனுவல் மட்டும் மொதல்ல வாங்குங்க.

அடுத்த கேம்பெய்னுக்கு அந்த பாலடின் பயதான் டிஎம், ஸ்மைட் பழைய மாதிரியேன்னு இப்பவே அறிவிப்பு குடுத்துட்டான். நான் ஃபைட்டர். கையில கிரேட்ஸ்வோர்ட், தப்புனாலும் நாலு டேமேஜ்.