ரஸ்ட்டுடன் ஐந்து ஆண்டுகள்: எனக்கும் என் மேலாளருக்கும் நடந்தது

ரஸ்ட் என்ற நிரல் மொழி வேண்டும் என்று அலுவலகத்தில் நான் முதலில் பேசியது 2020-இல். நாற்பது ஸ்லைடு. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை உருவாக்கிய மோசில்லாவில் மொழி வளர்ந்த கதை, 2015-இல் முதல் நிலையான பதிப்பான 1.0 வந்தது, தாங்கள் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் மெமரியைத் தவறாகக் கையாளும் பிழைகளால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட்டே 2019-இல் சொன்னது, எதையும் விடவில்லை. மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க லீவுல இருக்கும்போது ராத்திரி ரெண்டு மணிக்கு இது விழுந்தா யார் எழுந்து பார்ப்பாங்க?"

டீமில் ரஸ்ட் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கூட்டம் அத்தோடு முடிந்தது.

புதுசு என்றாலே இவருக்குப் பயம் என்று அன்றைக்குப் புலம்பித் தள்ளினேன். ஆனால் அவர் மொழியைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர், அதைத்தான் கேட்டார். இது உறைக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

அடுத்த முறை ஸ்லைடு இல்லை, ஒரு பக்கத் தாள் மட்டும். வெளியிலிருந்து வரும் பைனரி செய்திகளைப் படிக்கும் பார்சர் ஒன்று சி++ மொழியில் இருந்தது. விடுவித்த மெமரியை மறுபடி தொடுவது, பஃபரைத் தாண்டிப் படிப்பது என்று அது அடிக்கடி விழும். ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் போனது என்று எங்கள் டிக்கெட்டுகளிலிருந்தே எடுத்து எழுதினேன். ரஸ்ட்டில் மாற்றி எழுதக் கேட்டது அந்தப் பார்சரை மட்டும். சி இடைமுகம் வழியாகப் பழைய கோடோடு சேரும். கான்ஃபிகில், அதாவது அமைப்புக் கோப்பில், ஒரு வரி மாற்றினால் பழைய பார்சரே திரும்ப ஓடும். ஆறு மாதம் இரண்டும் இருக்கும். சக ஊழியர் ஒருவர் கூடவே கற்றுக்கொள்வார், அவர் ரிவியூ செய்யாமல் எதுவும் மெர்ஜ் ஆகாது.

நான் ரசித்து எழுதிய பகுதிகளை மேலாளர் மேலோட்டமாகத்தான் பார்த்தார். கான்ஃபிக் வரியில் விரலை வைத்து, "இதை நிஜமாவே ஒரு தடவை மாத்திக் காட்டுங்க" என்றார். டெஸ்ட் சர்வரில் காட்டினோம். அனுமதி கிடைத்தது.

முதல் மூன்று மாதம், கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரோடு மல்லுக்கட்டுதான். கூடக் கற்றவர் நல்ல சி++ ஆள். பத்து வருடமாகச் சரியென்று எழுதியதை பாரோ செக்கர் (மெமரியைப் பாதுகாப்பாகத் தொடுகிறோமா என்று பார்க்கும் கம்பைலர் பகுதி) ஏற்காதபோது அவருக்கு வந்த எரிச்சலை நான் எதிர்பார்க்கவில்லை. "இது ஓடும்னு எனக்குத் தெரியுது, இதுக்குத்தான் தெரியல" என்பார். சில இடங்களில் அவர் சொன்னது சரி. ஓரிடத்தில் கம்பைலர் சொன்னது சரி, அதே தவறு பழைய பார்சரில் அப்போதும் இருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னைவிடத் தீவிரமாகிவிட்டார்.

எட்டாவது மாதம் ப்ரொடக்‌ஷனில் விழுந்தது. காரணம் நான் எழுதிய ஒரு அன்ராப், அதாவது மதிப்பு இருந்தால் எடுத்துத் தரும், இல்லையென்றால் பேனிக் என்று நிரலை நிறுத்தும் கட்டளை. அந்த மதிப்பு எப்போதும் இருக்கும் என்று நம்பினேன். ஒரு செய்தியில் இல்லை. பேனிக், முழுச் சர்வீஸும் நின்றது. கான்ஃபிக் வரியை மாற்றிப் பழைய பார்சரைச் சில நிமிடங்களில் ஓடவிட்டோம். மறுநாள் மேலாளர், "இது விழவே விழாதுன்னு சொன்னீங்களே?" என்றார். சொல்லியிருந்தேன், முதல் கூட்டத்தில், அந்த நாற்பது ஸ்லைடு உற்சாகத்தில். ரஸ்ட் தடுப்பது மெமரியைக் கெடுக்கும் தவறுகளை. என் தப்புக் கணக்கை அல்ல. அந்த ஒரு வாக்கியம் போக்கிய நம்பிக்கையைத் திரும்பப் பெற ஒரு வருடம் பிடித்தது. அன்ராபுக்கு ரிவியூவில் இப்போதும் காரணம் எழுத வேண்டும்.

மற்றபடி அவர் பயந்தவற்றில் பாதி நடந்தது. ஆள் எடுப்பது கஷ்டம்தான். ரஸ்ட் தெரிந்தவரைத் தேடுவதை விட்டுவிட்டு சி++ தெரிந்தவர்களை எடுத்துப் பழக்குகிறோம். முழு பில்டு இன்னும் மெதுவாகத்தான் ஓடுகிறது. ஆரம்பத்தில் நம்பிய ஒரு லைப்ரரியைப் பராமரித்தவர்கள் கைவிட்டுவிட்டதால், வேறொன்றுக்கு மாற இரண்டு வாரம் போனது. பயந்தும் நடக்காதது, மொழி அடிக்கடி மாறி நம் கோடை உடைக்கும் என்பது. ஆறு வாரத்துக்கு ஒரு ரிலீஸ் வருகிறது. மேம்படுத்திய நாட்கள் பெரும்பாலும் நினைவிலேயே இல்லை. ரஸ்ட் பார்சரில், மெமரியைத் தவறாகத் தொட்டால் வரும் செக்மென்டேஷன் ஃபால்ட் இதுவரை ஒன்றுகூட வரவில்லை.

2022 டிசம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 6.1 பதிப்பு ரஸ்ட்டுக்கான ஆரம்ப ஆதரவோடு வந்தது. அந்தச் செய்தியை எனக்கு அனுப்பியவர் மேலாளர்தான். இரண்டு வருடமாக நான் அனுப்பிய கட்டுரைகளில் எத்தனை படித்தார் என்று தெரியாது. இது மட்டும் வேலை செய்தது. அடுத்த வாரமே இரண்டாவது மாட்யூலைப் பற்றி அவராகப் பேச்செடுத்தார்.

ஆறு மாதம் என்று சொன்ன பழைய பார்சர் நான்கரை வருடம் கிடந்தது. ஒவ்வொரு முறை நீக்கக் கேட்டபோதும் "அடுத்த ரிலீஸ் போகட்டும்" என்பார். போன மாதம் ஒருவழியாக ஒப்புக்கொண்டார். நீக்கும் மாற்றத்துக்குக் கீழே அவர் எழுதியது ஒரு வரி: "எங்கயாவது ஒரு காப்பி இருக்கில்ல?"

கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கமிட்டாகச் சேமித்துவைக்கும் கிட்டில் எல்லாம் இருக்கும் என்று பதில் போட்டேன். எந்தக் கமிட்டில் என்று கேட்டிருக்கிறார்.