பெட்ரோலா பேட்டரியா, ஏணியா நீளக் கம்பா: தோட்ட வேலை செய்பவரின் பக்கமிருந்து ஓர் அலசல்

தோட்டப் பராமரிப்பு கம்பெனி நடத்துகிறவர்கள் மெஷின் வாங்கப் போனால் கேட்பது அநேகமாக ஒரே மாதிரிதான். எவ்வளவு வேகமாக வெட்டும், எத்தனை வருஷம் உழைக்கும், சர்வீஸுக்கு அலைய வேண்டியிருக்குமா. அதை நாள் முழுக்கத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கப்போகிறவரின் கையும் காதும் முதுகும் என்ன ஆகும் என்பது கடைசிக் கேள்வியாகத்தான் வருகிறது, அதுவும் வந்தால். கண்ணாடி, கையுறை, பூட்ஸ் எல்லாம் எந்த மெஷினுக்கும் வேண்டியவைதான், ஆனால் அவை ஆபத்து ஆளை நெருங்கிய பிறகு தடுப்பவை. மெஷினைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி ஆபத்தைக் கழித்துவிடலாம் என்பது என் கட்சி.

பெரிய போட்டி பெட்ரோலுக்கும் பேட்டரிக்கும்தான், அதிலும் முதலில் பார்க்க வேண்டியது அதிர்வு. வருஷக்கணக்கில் அதிரும் கைப்பிடியைப் பிடித்தவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போகும், குளிர் பட்டால் வெளுத்துவிடும், முற்றினால் சட்டைப் பொத்தானைப் போடவே விரல் ஒத்துழைக்காது. அந்த நிலைக்குப் போன நரம்புச் சேதம் பழையபடி சரியாவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொண்டுவந்த விதிப்படி, 8 மணி நேரத்துக்குச் சராசரியாக 2.5 மீ/வி² (கைக்கு ஏறும் அதிர்வின் வலுவைச் சொல்லும் அலகு) அளவைத் தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: அதிர்வு பாதியாகக் குறைந்தால், அந்த 2.5 அளவை எட்டும் முன் வேலை செய்யக்கூடிய நேரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்காகிறது. 7 மீ/வி² அதிரும் மெஷினை ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓட்டினாலே அந்த அளவு வந்துவிடும், 3.5 அதிரும் மெஷின் என்றால் நான்கு மணி நேரம் தாங்கும். மெஷினோடு வரும் கையேட்டின் தொழில்நுட்ப விவரப் பக்கத்தில் இந்த எண் இருக்கும், இரண்டு கைப்பிடிக்கும் தனித்தனியாகப் போட்டிருந்தால் பெரிய எண்ணையே கணக்கில் எடுங்கள்.

பொதுவாக இதில் பேட்டரி மெஷின்தான் முந்துகிறது. ஆனாலும் பேட்டரி என்று எழுதியிருப்பதாலேயே நம்பிவிடக் கூடாது, ஏனென்றால் வேலிச்செடியைக் கத்தரிக்கும் ஹெட்ஜ் டிரிம்மரில் முன்னும் பின்னும் ஓடுகிற பிளேடும் கையை உலுக்கும், மழுங்கிய பிளேடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கையேட்டில் உள்ளது புது மெஷினைச் சோதனையில் அளந்த எண், நம்மிடம் மூன்றாவது வருஷம் ஓடும் மெஷின் அப்படியே இருக்காது.

அடுத்தது சத்தம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதி நேரம் பாதியாகிவிடும். 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் வெறும் 15 நிமிடம். புல், புதர் வெட்டும் பெட்ரோல் பிரஷ் கட்டரும் காற்றால் சருகைத் தள்ளும் ப்ளோயரும் ஓட்டுகிறவரின் காதருகே 95-ஐத் தாண்டுவது சாதாரணம். பேட்டரி மெஷின்கள் இதைவிடக் கணிசமாக அமைதியானவை, அதனால் காதுக்கு மட்டுமல்ல, பின்னால் யாரோ வருவதும் கூட வேலை செய்பவர் கூப்பிடுவதும் கேட்கும் என்பதையும் நான் பெரிய லாபமாகப் பார்க்கிறேன். அதற்காக இயர் பிளக்கைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, பேட்டரி மெஷினிலும் பல 85-ஐத் தாண்டும்.

புகையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இந்தப் பெட்ரோல் மெஷின்களில் பெரும்பாலும் இருக்கும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஒரு பங்கை எரிக்காமலே வெளியே தள்ளும், கூடவே கார்பன் மோனாக்சைடு. நாலு பக்கமும் சுவர் உள்ள முற்றத்தில் குனிந்து வெட்டுகிறவர் அதைத்தான் சுவாசிக்கிறார். சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றுவது இன்னொரு ஆபத்து. ஆறவிட்டு ஊற்றி, ஊற்றிய இடத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிப் போய்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

சரி, பேட்டரியில் குறையே இல்லையா? இருக்கிறது. பெட்ரோல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் ஊருக்கே தெரியும். பேட்டரி மெஷின் சும்மா கிடப்பது போலத் தெரியும், சுவிட்சில் விரல் பட்டால் அடுத்த கணம் பிளேடு ஓடும். சிக்கிய குச்சியை எடுக்கப் போகும் முன் பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வதைக் கட்டாய விதியாக்குங்கள், இதற்கு விதிவிலக்கே வேண்டாம். அடிபட்ட, வீங்கிய லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போடக் கூடாது. வாசலை அடைத்தாற்போல் சார்ஜர்களை வைக்கவும் கூடாது, தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்காது.

என் தீர்ப்பு: ஹெட்ஜ் டிரிம்மரும் ப்ளோயரும் பேட்டரிக்கு மாற வேண்டும், யோசிக்க எதுவுமில்லை. புதர் மண்டிய பெரிய நிலத்தை நாள் முழுக்க வெட்டும் பிரஷ் கட்டரில் மட்டும் பெட்ரோலுக்கு இன்னும் இடமிருக்கிறது, அதுவும் ஒருவரே ஓட்டாமல் ஆள் மாற்றி மாற்றி ஓட்டினால்.

பிரஷ் கட்டர் என்றதும் அடுத்த போட்டி வருகிறது, வெட்டும் தலையில் நைலான் நரம்பா (சுழலும் பிளாஸ்டிக் இழை) இரும்பு பிளேடா. கல் நிறைந்த இடத்திலும் சுவர் ஓரத்திலும் நரம்பு மேல், பட்டால் தேயுமே தவிர மெஷின் உதைக்காது. பிளேடு தடித்த தண்டை வெட்டும், ஆனால் அது சுழலும் வட்டத்தைக் கடிகார முகமாக நினைத்தால் 12-க்கும் 3-க்கும் நடுவிலுள்ள பகுதி கெட்டியான தண்டில் பட்டதும் மெஷின் மொத்தமும் பக்கவாட்டில் எகிறும். இரண்டுமே கல்லை வீசும். அதனால் சுற்றிலும் 15 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது, நரம்பை நீளமாக விடுவதற்காக வெட்டும் தலைக்கு மேலுள்ள பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைக்கும் பழக்கமும் கூடவே கூடாது. சங்கிலித் துண்டுகளைக் கோத்த வெட்டுத் தலைகளைச் சிலர் மலிவாகக் கிடைக்கிறதென்று மாட்டுகிறார்கள். கண்ணி அறுந்தால் அது துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். ஐரோப்பிய ஆணையம் 2012-இல் அவற்றின் விற்பனையைத் தடுக்கச் சொன்னது, நீங்களும் பார்த்தால் குப்பையில் போடுங்கள்.

ஏணியா நீளக் கம்பு டிரிம்மரா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஹெட்ஜ் டிரிம்மருக்கு இரண்டு கையும் வேண்டும், அப்படியானால் ஏணியைப் பிடிக்கக் கை ஏது? தரை மண்ணோ மெதுமெதுவென்று இருக்கும், ஒரு கால் அமுங்கினால் ஏணி சாயும். தரையில் நின்றபடி நீளக் கம்பால் வெட்டுங்கள். தோள்பட்டை வலிக்கும், அது உண்மை, அடிக்கடி ஓய்வு கொடுத்துத்தான் ஆக வேண்டும். தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று வேலை தொடங்கும் முன்பே அண்ணாந்து பார்ப்பதும் இதில் மேஸ்திரியின் பொறுப்பு.

களைக்கொல்லிக்கும் மூடாக்குக்கும் (இலை, வைக்கோலால் மண்ணை மூடிக் களையைத் தடுப்பது) உள்ள போட்டியில் பாத்தி ஓரங்களுக்கு மூடாக்கே என் தேர்வு. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-இல் 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் சேர்த்தது. அதில் விவாதம் தொடர்கிறது, ஆனால் அடிக்காத மருந்து யார் தோலிலும் படப்போவதில்லை.

வாங்கும் முன் அதை ஓட்டப்போகிறவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். மெஷினைத் தோளில் தாங்கும் பட்டையான ஹார்னஸை அவர் உயரத்துக்குச் சரிசெய்து மாட்டி, வெட்டும் தலை தரைக்குச் சற்று மேலே தானாகவே நிற்கிறதா, கைப்பிடியைச் சுற்றி விரல் முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். சிறிய கை உள்ள ஒருவர் தடித்த கைப்பிடியை நாள் முழுக்க இறுக்கிப் பிடித்தால் அதிர்வு அவருக்குத்தான் அதிகம் ஏறும். ஆகவே ஒரே மாடலில் அத்தனை பேருக்கும் மொத்தமாக வாங்குவதைவிட, இரண்டு அளவில் வாங்குவது நல்லது.