ஏழு வருட மேட் ஃபினிஷ் கிட்டாரும் ஒரு பளபளப்புத் திட்டும்

போன வாரம் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கேட்டான். "அண்ணா, அகூஸ்டிக் கிட்டார் வாங்கலாம்னு இருக்கேன். ஒரே மாடல்ல பளபளன்னு ஒண்ணு இருக்கு, மேட் ஃபினிஷ்ல ஒண்ணு இருக்கு. மேட் கொஞ்சம் விலை கம்மி. நீங்க மேட்தானே வெச்சிருக்கீங்க, எப்படி இருக்கு?" டீ ஆறிப்போகும் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். விட்ட இடத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 2018ல் வாங்கியது. ட்ரெட்நாட் என்கிற பெரிய உடம்பு கொண்ட வகை, ஒட்டுப்பலகை இல்லாத முழு ஸ்ப்ரூஸ் மர மேல்பலகை, தலை முதல் அடி வரை மேட், அதாவது பளபளப்பில்லாத மங்கலான பூச்சு. சத்தத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் வருடத்தைவிட இப்போது இன்னும் நன்றாக ஒலிப்பதாகத்தான் என் காதுக்குப் படுகிறது. ஆகவே சத்தத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது அதன் தோலைப் பற்றி.

கடையில் முதலில் பார்த்தபோது அந்தத் தோல்தான் என்னைப் பிடித்து இழுத்தது. மரத்தைத் தொடுவது போலவே இருந்தது. பளபள கிட்டாரில் டியூப் லைட்டும் என் முகமும் தெரிந்தன. இதில் மர ரேகை மட்டும் தெரிந்தது. பில் போட்டுக் கொடுக்கும்போது கடைக்காரர் கூடவே ஒரு பாலிஷ் பாட்டிலும் துணியும் இலவசமாகக் கொடுத்தார். "மாசம் ஒரு தடவ தொடச்சா புதுசு மாதிரியே இருக்கும் சார்." நானும் நம்பித் துடைத்தேன்.

இரண்டாவது மாதமே ஆங்காங்கே எண்ணெய் பட்ட காகிதம் போலத் திட்டுகள். அழுக்கு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். திட்டு பெரிதானது. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில், பளபளப்பான ஃபினிஷுக்கு மட்டும் என்று போட்டிருந்ததை ஒரு வருடம் கழித்துத்தான் படித்தேன். அதை விற்கிறவர் படித்திருக்க வேண்டாமா? இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். மேட் ஃபினிஷில் கடைசியாக அடிக்கும் பூச்சில் சிலிக்கா போன்ற மிக நுண்ணிய தூள் கலந்திருக்கும். காய்ந்ததும் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமுமாக நிற்கும். வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் பளபளப்பு தெரிவதில்லை. புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி. அரைக்க அரைக்க அம்மி வழவழப்பாகிறது இல்லையா, அதேதான். கை பட்டு, சட்டை பட்டு, துணி பட்டு மேடுகள் மழுங்க மழுங்க அந்த இடம் மின்ன ஆரம்பிக்கும். பாலிஷில் இருக்கும் மெழுகோ சிலிக்கோனோ பள்ளங்களை நிரப்பினால் இன்னும் சீக்கிரம் மின்னும். அம்மி தேய்ந்தால் தெருவில் போகிற கொத்துக்காரரைக் கூப்பிடலாம். கிட்டாருக்கு அந்த வழி இல்லை.

பளபள ஃபினிஷில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம். தேய்த்தால் அது பளபளப்பாகத்தான் ஆகும், அதுதான் நமக்கும் வேண்டியது. மேட் ஃபினிஷில் ஒவ்வொரு தேய்ப்பும் நாம் விரும்பி வாங்கிய அந்தத் தோலை விட்டு விலகிப் போகிற ஒரு படி. திரும்பி வர முடியாது. இந்த ஒரு விஷயத்தை வாங்கும் நாளில் யாராவது சொல்லியிருந்தால் போதும்.

என் கிட்டாரின் உடம்பில் பளிச்சென்று மின்னும் இடங்கள் மூன்று. வலது முழங்கை சாயும் மேல் ஓரம், ஒரு சாண் நீளத்துக்கு. ஒலித்துளைக்குக் கீழே விரல் உரசும் இடம். இவை இரண்டும் வாசித்ததால் வந்தவை, எனக்கு வருத்தம் இல்லை. சென்னையில் மே மாதம் கை வைத்தால் வியர்வை வழியத்தான் செய்யும்.

மூன்றாவது, கம்பிகளின் அடிமுனை மாட்டியிருக்கும் பிரிட்ஜுக்கு இடது பக்கம், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. அதுதான் என்னை ஏழு வருடமாக உறுத்துவது.

வாங்கிய வருடம் சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு கிட்டாரையும் வைத்து, அம்மா அதற்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டார். அன்றைக்கு முழுவதும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்துத்தான் வாசித்தேன். சந்தனம் காய்ந்து பொருக்காக உதிர்ந்துவிட்டது. குங்குமம் போகவில்லை. பளபள கிட்டாராக இருந்தால் ஈரத் துணியில் ஒரே இழுப்பு. இதில் சாயம் அந்த நுண் பள்ளங்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. லேசான ரோஜா நிறக் கறை. அன்று என்னிடம் பொறுமை இல்லை. பாலிஷை எடுத்து, கட்டைவிரலில் துணியைச் சுற்றி, பத்து நிமிடம் ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தேன். கறை போனது. அந்த இடம் கண்ணாடியானது. டியூப் லைட்டுக்கு நேரே கிட்டாரைச் சாய்த்தால் இன்றைக்கும் அந்த வட்டம் மட்டும் தனியாகப் பளிச்சிடும்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவராகவே பார்த்துவிட்டார். அடுத்த வருடத்திலிருந்து பொட்டு கிட்டார் பெட்டிக்குத்தான். பெட்டியின் கைப்பிடிக்கு மேலே ஆறு வருடக் குங்குமம் அப்படியே இருக்கிறது.

இப்போது நான் துடைக்கும் முறை இதுதான். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் கம்பிகளையும் கை சாய்ந்த இடத்தையும் ஒற்றி எடுப்பேன். தேய்ப்பது இல்லை. ஒற்றுவது மட்டும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திப் பனியனைவிட நல்ல துணி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதைத் துவைக்கும்போது வாசனைத் திரவம், சாஃப்ட்னர் எதுவும் சேர்க்கக் கூடாது, அதிலிருக்கும் வழுவழுப்பு துணியில் தங்கி ஃபினிஷில் ஏறும். தூசி படிந்திருந்தால் முதலில் ஒரு மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். தூசியோடு துணியை இழுத்தால் அது உப்புத்தாள்தான். கைரேகையோ வியர்வைக் கறையோ தெரிந்தால் வாயை அருகில் கொண்டுபோய் 'ஹா' என்று ஊதுவேன். மூக்குக்கண்ணாடி துடைக்கும்போது ஊதுவோமே, அப்படி. ஆவி படர்ந்து மறைவதற்குள் ஒற்றினால் பெரும்பாலும் போய்விடுகிறது. போகவில்லை என்றால் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி, உடனே காய்ந்த துணி. இதற்கு மேல் நான் போவதில்லை.

கம்பிகளுக்கு அடியில் விரல் வைத்து அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டு வேறு கதை. என்னுடையது ரோஸ்வுட், அதன் மேல் ஃபினிஷ் எதுவும் கிடையாது, வெறும் மரம். வருடத்துக்கு ஒரு முறை கம்பி மாற்றும்போது எலுமிச்சை எண்ணெய் என்று விற்பதை இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் போதும். பெயரில்தான் எலுமிச்சை, பெரும்பாலும் அது மினரல் ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகச் சிக்கு வாடை வரும். எலுமிச்சை எண்ணெயையும் கிட்டாரின் உடம்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இன்னும் இரண்டு விஷயம், எந்த ஃபினிஷாக இருந்தாலும். மொட்டை மாடியில் சாயங்காலம் வாசிக்கும்போது கையில் கொசு க்ரீம் தடவிக்கொண்டு உட்காராதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் இளக்கும். அதே போல சானிடைசர். 2020ல் எல்லோர் கையிலும் அது இருந்ததே, அப்போது நண்பர் ஒருவரின் கிளாசிக்கல் கிட்டாரில் கட்டைவிரல் ரேகை அச்சாகவே பதிந்துவிட்டது. அது பிரெஞ்சு பாலிஷ் செய்தது. ஆல்கஹாலில் கரைத்த அரக்கை மெல்லிய பூச்சாக அடுக்கடுக்காக ஏற்றுவதுதான் அந்த முறை. ஜார்க்கண்ட் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சிகள் கட்டும் அதே அரக்கு. ஆல்கஹாலில் கரைத்துப் பூசியதை ஆல்கஹால் திரும்பக் கரைக்கத்தானே செய்யும். 1920களில் கார்களுக்காக வந்து பிறகு கிட்டாருக்கும் ஏறிய நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் என்ற பூச்சும் இப்படி நோஞ்சான்தான், ஸ்டாண்டில் இருக்கும் ரப்பர் பட்டே சில சமயம் இளகி ஒட்டும். நம் கையில் இருக்கும் நடுத்தர விலை கிட்டார்கள் பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பாலியஸ்டர் பூச்சு. அவை இதையெல்லாம் ஓரளவு தாங்கும். என் கிட்டாரும் தாங்கியது. தேய்ப்பை மட்டும்தான் தாங்கவில்லை.

போன மாதம் ஃப்ரெட் என்கிற குறுக்கு உலோகப் பட்டைகளின் தேய்மானத்துக்காக சர்வீஸுக்குக் கொடுத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. சர்வீஸ் பார்க்கும் பெரியவர் ஃப்ரெட்போர்டு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி ஒவ்வொரு ஃப்ரெட்டாகத் தேய்த்து மெருகேற்றினார். திரும்ப வாங்கும்போது அந்த வட்டத்தைக் காட்டிக் கேட்டேன். சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவினார். "இத மட்டும் மேட் ஆக்க முடியாது தம்பி. மிக நைஸ் ஸ்டீல் வுல்லால மர ரேகை போற திசையிலயே மேல்பலகை முழுக்க ஒரே சீரா இழுக்கணும். மேட்ல கோட்டிங் மெல்லிசு, ஒரு இடத்துல கொஞ்சம் அதிகமாப் போனா மரம் வந்துடும். அப்படியே வெச்சுக்க." வைத்துக்கொண்டேன்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நெக், அதாவது இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்து. இந்த ஏழு வருடத்தில் என்னைத் தினமும் சந்தோஷப்படுத்தியது அதுதான். பளபள நெக்கில் வியர்த்த கட்டைவிரல் ஒட்டி ஒட்டிப் பிடிக்கும், ஒரு கார்டிலிருந்து, அதாவது ஒரு விரல் பிடியிலிருந்து, அடுத்ததுக்கு நகரும்போது பிரேக் போட்டது போல நிற்கும். மேட் நெக்கில் அந்தத் தொல்லையே இல்லை. கரண்ட் போன ஏப்ரல் மதியத்தில்கூடக் கை வழுக்கிக்கொண்டு போகும். நெக்கின் பின்பக்கமும் இப்போது நடுவில் மின்னத்தான் செய்கிறது, ஆனாலும் கைக்கு அது பட்டுப் போல இருக்கிறது. பளபள நெக்கை வேண்டுமென்றே உரசி மேட் ஆக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களை எனக்கு நன்றாகப் புரிகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டும், தம்பி, மேட் உடம்பு வாங்காதே. அந்தத் திட்டைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. உடம்பு பளபளப்பாகவும் நெக் மட்டும் மேட்டாகவும் வருகிற மாடல்கள் இருக்கின்றன. கொஞ்சம் விலை கூடினாலும் அதை எடு. கடையில் கிட்டாரைச் சாய்த்து, வெளிச்சம் மேலே ஓடும்படி ஒரு முறை முழுக்கப் பார். பலர் வாசித்துப் பார்த்த டிஸ்ப்ளே பீஸ் மேட்டாக இருந்தால் முழங்கை ஓரத்தில் இப்போதே மின்னியிருக்கும். அதையும் மீறி மேட்தான் பிடித்திருக்கிறது என்றால் வாங்கிக்கொள். கூடவே இலவசமாகத் தரும் பாலிஷ் பாட்டிலை மட்டும் கல்லாவிலேயே வைத்துவிட்டு வா.