ஆல்ஃபா ரோமியோ பி3: எல்லாமே இரண்டிரண்டு

1930களின் ஒற்றை இருக்கை ரேஸ் கார் பி3 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். 1935ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் இத்தாலிய ஓட்டுநர் நுவோலாரி இந்தக் காரில் ஜெர்மன்காரர்களை அவர்கள் ஊரிலேயே மண்ணைக் கவ்வ வைத்த கதையைப் படித்துவிட்டுக் கேட்கிறார் என்பது தெரிகிறது. அந்தக் கதையில் பின் அச்சைப் பிரித்து மாட்டிய மெக்கானிக் வருவதில்லை.

இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு நான்கு சிலிண்டராக இரண்டு பிளாக், நடுவே கியர் வரிசை, பிளாக்குக்கு ஒரு சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தித் திணிக்கும் பம்ப்). 1932ல் 2654 சிசி, 1934ல் 2905. விளக்கெண்ணெய் ஊற்றி ஓட்டுபவர்கள் மினரல் ஆயிலோடு கலக்காமல், சூடு ஆறுமுன் வடித்துவிட்டால் போதும். விட்டுவைத்தால் பிசினாகிவிடும்.

வம்பு பின்னால்தான். வளைவில் இரு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலை, காரை வடிவமைத்த யானோ கியர்பாக்ஸுக்குப் பின்னாலேயே வைத்துவிட்டார். அங்கிருந்து ‘வி’ போல இரண்டு ஷாஃப்ட் பிரிந்து, சக்கரத்துக்கு ஒன்றாகத் தனித்தனி கிரவுன்-பினியனில் (ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) முடிகிறது. ஓட்டுநர் தாழ உட்காரத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள். பழைய படங்களைப் பாருங்கள், மார்பு வரை வெளியேதான் தெரிகிறது!

ரேஷியோ, அதாவது கிரவுன்-பினியனின் பல் விகிதம், மாற்ற வேண்டுமா? இரண்டு ஜோடி வேண்டும், இரண்டிலும் பல் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நேர்ச்சாலையிலும் டிஃபரன்ஷியல் ஓயாமல் சுற்றிச் சூடேறும். ஒரு ஜோடியின் பினியனை இன்னொரு ஜோடியின் கிரவுனோடு சேர்க்கவே கூடாது. ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து, பல்லில் நீல மை தடவிச் சுற்றி, மைத் தடம் பல்லின் நடுவில் விழும்வரை திரும்பத் திரும்பக் கழற்றுங்கள். முடிந்ததா? இப்போது அடுத்த பக்கம்.

எரிச்சலின் உச்சம் ப்ளே, அதாவது பல்லுக்குப் பல் உள்ள தளர்வு, பார்ப்பது. கியரில் போட்டுச் சக்கரத்தை ஆட்டினால் இந்தப் பக்கத்துத் தேய்மானம், அந்தப் பக்கத்துத் தேய்மானம், நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியலின் ஆட்டம் மூன்றும் சேர்ந்தே தெரியும். எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க முடியாது. அந்தந்த ஷாஃப்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, சக்கரத்தின் ஹப்பில் டயல் கேஜ் என்ற நுண்ணளவு கருவியை வைத்துத் தனித்தனியாக அளப்பது ஒன்றே வழி. அலுத்துப்போய் ஒரு பக்கத்தை விட்டால், அந்தப் பக்கத்துப் பல் உடையும். ஒன்று உடைந்தால் டிஃபரன்ஷியல் சும்மா சுற்றும், மறு சக்கரத்துக்கும் இழுவை போய்விடும்.

இவ்வளவு திட்டியும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டிஃபரன்ஷியலின் பாரம் அச்சில் இல்லாததால், குண்டும் குழியுமான வளைவில் மற்ற கார்களின் பின்சக்கரம் துள்ளும் இடத்தில் இது சட்டென்று தரையைப் பிடித்துக்கொள்கிறது. வளைவு முடியும் முன்பே ஆக்சிலேட்டரை மிதிக்கலாம். அந்தக் காலத்து உயிர் அச்சுக் கார்களில் (இரு பின்சக்கரமும் ஒரே கட்டி அச்சில் சேர்ந்தவை) இதற்கு ஈடாக ஓடுவது அரிது.

ஆனாலும் நண்பருக்கு ஆல்ஃபாவின் இன்னொரு ரேஸ் கார், 8சி மோன்சாதான் சரி. பின்னால் ஒரே கிரவுன், ஒரே பினியன். பக்கத்தில் ஓர் ஆளையும் ஏற்றிக்கொள்ளலாம்.