ஓடா, ஷிங்கிளா, தகடா: காட்டுத்தீ வட்டாரத்தில் எந்தக் கூரை?

கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில், 2025 ஜனவரித் தீயில் அல்டடீனாவிலும் பசிபிக் பாலிசேட்ஸிலும் வீடிழந்து மறுபடி கட்டுவோர் முன்னால் கூரைக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன: சுட்ட களிமண் ஓடு, கண்ணாடியிழைத் தார் ஷிங்கிள், நிமிர்ந்த மடிப்புள்ள எஃகுத் தகடு (அங்கே ஸ்டாண்டிங் சீம் என்பார்கள்). எங்கள் சாய்வு தகட்டின் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

மூன்றுக்கும் ‘ஏ’ வகுப்புத் தீச்சான்று, அதாவது கூரைக்கான மிக உயர்ந்த தரச்சான்று, கிடைக்கும். அதற்கான சோதனையில், ஓரடிச் சதுரத்தில் சுமார் 2 கிலோ எடையுள்ள எரியும் கட்டை அடுக்கைக் கூரைமேல் வைத்துக் காற்றடிக்க விடுவார்கள். தீ அடிப்பலகையைத் துளைத்து இறங்கக் கூடாது. ஆனால் அது புத்தம் புதிய, குப்பை இல்லாத பரப்பில் நடக்கும் சோதனை. ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் பறந்து வரும் கங்குகள் தேடிப் பிடிப்பது இடுக்குகளையும் சருகு தங்கும் மூலைகளையும்தான். ஆகவே இருபது ஆண்டு கழித்தும் இடுக்கில்லாமல் வைத்திருக்க எந்தக் கூரைக்குக் குறைந்த வேலை என்பதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஷிங்கிள் விலை குறைவு, எந்தக் கூரைக்காரரும் போடுவார். பலகையோடு ஒட்டிக் கிடப்பதால் அடியில் வெற்றிடம் இல்லை. வயதானால் ஒட்டுப்பசை விடும், ஓரம் சுருளும், மேலுள்ள கல்மணி உதிரும். சான்டா அனா எனப்படும் அவ்வட்டார வறண்ட பலத்த காற்று கிளப்பிவிட்ட ஷிங்கிளுக்கு அடியில் கங்கு எளிதாக நுழையும்.

களிமண் ஓடு எரியாது. பார்க்கவும் மூன்றில் அதுதான் அழகு. சிக்கல் அதன் வளைவில் இருக்கிறது. இறவாணத்தில் ஒவ்வொரு ஓட்டு வாயும் பறவை கூடு கட்டுவதற்கு அளவான பொந்து. காய்ந்த புல் உள்ளே சேர்ந்தபின் ஒரு கங்கு போதும், எரியாத ஓட்டுக்கு அடியிலேயே பலகை பற்றிக்கொள்ளும். வாயைச் சாந்து வைத்தோ உலோக அடைப்பு வைத்தோ மூட வேண்டும். சாந்து சிறு நில அதிர்வுக்கே விரிசல் விடும். சுத்தம் செய்ய ஏறுபவர் காலடியில் ஓடு உடையும். உடைந்த ஓடு இன்னொரு வாசல். எடையோ 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 1,000 பவுண்டு. ஷிங்கிளைக் கழற்றிவிட்டு ஓடு போடுவதானால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் தொடவே கூடாது.

தகடு 100 சதுர அடிக்கு 150 பவுண்டுக்குள் அடங்கும். தட்டையாகப் படுப்பதால் பொந்து இல்லை; இறவாணத்தில் விளிம்பை மடித்து ஓரத்தகட்டின்மேல் கவ்வவிட்டால் வாய் முழுதாக மூடிவிடும். நெளித்தகட்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் நெளிவுகளை அடைக்கப் பலர் நுரைப்பட்டை வைக்கிறார்கள், அது உருகிப்போகும். நெளித்தகடுதான் வேண்டுமென்றால் உலோக அடைப்பு வையுங்கள்.

தகட்டில் வழக்கமாக நடக்கும் தவறு அடிப்படலத்தில். தகடு எரியாவிட்டாலும் சூட்டைக் கடத்தும்; மேலே கட்டை எரிந்தால் கீழே ஒட்டுப்பலகை கருகும். அதனால் பல தகடுகளுக்கு ‘ஏ’ வகுப்பு தனியாகக் கிடைப்பதில்லை, அடியில் குறிப்பிட்ட படலம் இருந்தால்தான் கிடைக்கிறது. 660 டிகிரி செல்சியஸில் உருகும் அலுமினியத்துக்கு இது இன்னும் முக்கியம். 72 பவுண்டு (100 சதுர அடிக்கான எடை) கல்மணித் தார்ப்படலம், அல்லது கூரைக்கான ஜிப்சம் பலகை போடலாம். தார்ப்படலம் போட்டால் அதற்கும் தகட்டுக்கும் நடுவே வழுக்குத்தாள் அவசியம். இல்லாவிட்டால் வெயிலில் தகடு நீண்டு சுருங்கும்போது கல்மணி அடிப்பூச்சை அராவிவிடும். சான்றிதழில் எழுதிய அடுக்கு வரிசையும் ஒப்பந்தக்காரர் எழுதித்தந்த வரிசையும் ஒன்றுதானா என்று வரிவரியாகச் சரிபாருங்கள்.

இரு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்தை எந்தக் கூரையானாலும் தனியாகக் கவனிக்க வேண்டும். 2008 முதல் 2025 இறுதிவரை நடைமுறையில் இருந்த கலிஃபோர்னியக் கட்டட விதிகளின் 7ஏ அத்தியாயம் கேட்டது: குறைந்தது 0.019 அங்குலத் தடிப்புள்ள தகடு, அதன் கீழே பள்ளத்தின் முழு நீளத்துக்கும் 36 அங்குல அகலத்தில் அதே 72 பவுண்டுப் படலம்.

தகட்டின் வழுவழுப்பில் பைன் ஊசிகள் தங்காமல் சறுக்கிப் பீலியில் (கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில்) விழும். பராமரிப்பு குறைகிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஆனால் பீலி நிறைந்தால் ஆபத்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே: நெருப்பு அங்கிருந்து ஓரப்பலகையை நக்கும். உலோகப் பீலி, உலோக மூடி, பலகை விளிம்பை மறைத்துப் பீலிக்குள் இறங்கும் ஓரத்தகடு ஆகிய மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். மழை குறைந்த இடத்தில் பீலியே இல்லாமல், சுவரை ஒட்டி 5 அடி அகலத்துக்குச் சரளை கொட்டிவிடுவது எங்களுக்கு இன்னும் பிடித்த வழி.

சூரியத் தகடு பதிப்பதானால் மடிப்பிலேயே கவ்விகளை மாட்டலாம், துளை போட வேண்டாம். ஆனால் அவற்றின் அடியில் சேரும் சருகு விஷயத்தில் தகட்டுக் கூரையும் மற்ற இரண்டைப்போலத்தான். இங்கே எங்கள் சாய்வுக்குப் பெரிய ஆதாரம் இல்லை.

செலவில் தகடு ஷிங்கிளைவிடக் கணிசமாகக் கூடும். கைக்கு எட்டாவிட்டால் தயங்காமல் ஷிங்கிளே போடுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைப் பரணின் காற்றுப்போக்கிகளுக்கு ஒதுக்குங்கள்: பழைய கால் அங்குல வலையைக் கழற்றிவிட்டு, கங்கும் தீயும் உள்ளே நுழைகின்றனவா என்று பார்க்கும் ஏஎஸ்டிஎம் இ2886 சோதனையில் தேறியவற்றை வையுங்கள். அந்தக் கால் அங்குலக் கண்ணுக்குள் கங்கு நுழைந்துவிட்டால், மேலே எந்தக் கூரை போட்டிருந்தாலும் வீடு உள்ளிருந்தே எரியும்.